தொட்டி முதலில், மீன் பிறகு

புக்கிட் மேராவுக்கும் மீனுக்கும் பழைய உறவு உண்டு. கூர்வாய்த் தோடாக் மீன்கள் கூட்டமாகச் சிங்கப்பூர்க் கரையைத் தாக்கினவாம். ஒரு சிறுவனின் யோசனைப்படி வாழை மரங்களை வேலியாக நிறுத்த, மீன்களின் வாய் அவற்றில் சிக்கிக்கொண்டது. அவன் அறிவுக்கு அஞ்சிய அரசன் அவனைக் கொல்லச் செய்தான். அந்த இரத்தத்தால் குன்று சிவந்தது என்பது மலாய்ப் பழங்கதை.

இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்துள்ளன. அத்தகைய வீட்டில் ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களை வளர்க்க விரும்புவோருக்கும் முன்யோசனைதான் வேண்டும்.

சிக்லிட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். நம் ஈயக் குட்டைகளில் பிடிபடும் திலாப்பியாவும், கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பந்தான். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா ஏரிகளில் இக்குடும்பத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. மலாவியின் பாறை மீன்களில் தாய், முட்டைகளை வாயிலேயே சுமார் மூன்று வாரம் வைத்துக் காக்கும். அதுவரை பெரும்பாலும் பட்டினிதான்!

மிச்சம் பிடித்த காசில் வாங்கிய மீன்கள் ஒரே வாரத்தில் செத்து மிதந்தால் பிள்ளைகளின் மனம் என்ன பாடுபடும்? இதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம்.

நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 250 லிட்டர் நீர் பிடிக்கும். நீர் மட்டுமே 250 கிலோ! ஆகவே உறுதியான தாங்கியைச் சுவரோரம் வையுங்கள். மண் தோண்டுவது இம்மீன்களின் குணம். எனவே பாறைகளை முதலில் அடித்தளத்தில் அசையாமல் அடுக்கி, பிறகு மணலைப் பரப்புங்கள்.

சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோராமின் உண்டு. குளோரினைப் போல ஓரிரவு வைத்தால் இது போய்விடாது. அதற்குரிய மருந்தைச் சேர்க்க வேண்டும். ஏரி நீர் காரத்தன்மை உடையது. பவளக் கல் துண்டுகளைப் போட்டால் அத்தன்மை நிலைக்கும். நம் வெப்பத்துக்குச் சூடேற்றும் கருவி தேவையில்லை. காற்றுப் பம்ப் அவசியம்.

வடிகட்டியில் மீன் கழிவின் நச்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கும் உணவு வேண்டும். காலித் தொட்டியில் தினமும் சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். நீரைச் சோதித்து, அம்மோனியா அறவே இல்லை என்று தெரிந்த பிறகே மீன் வாங்குங்கள்.

ஒரே ஏரி மீன்களாக, சிறிய இனங்களில் பன்னிரண்டு போதும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்றால் சண்டை குறையும். பாறை மீன்கள் பாசி மேய்பவை. இறைச்சி போட்டால் வயிறு வீங்கிச் சாகும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள்.

வளர்க்க முடியாவிட்டால் மீனைக் கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். 1950களில் விக்டோரியா ஏரியில் விடப்பட்ட நைல் கெளுத்தியன்று, நைல் பெர்ச் என்னும் பெருமீன், அங்கிருந்த சிக்லிட் இனங்கள் பலவற்றை அழித்துவிட்டது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ, வளர்க்கத் தெரிந்தவரிடமோ ஒப்படையுங்கள்.