ஸ்டோன்ஹெஞ்சா, செட்லரா? சிவிலைசேஷன் 6-இல் முதல் 60 டர்ன் கணக்கு

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுல ஒரே ஒரு கேள்விதான். சிவிலைசேஷன் 6 ஆட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல எல்லாருக்கும் கை அரிக்கும். ஸ்டோன்ஹெஞ்ச் கட்டலாமா? பிரமிட்ஸ் கட்டலாமா? அந்த கட்டி முடிக்கிற அனிமேஷன் வேற அவ்வளவு அழகா இருக்கும். ஆனா ஆரம்பத்துல எந்த வொண்டரைக் கட்டுறோம்ங்கிறதை விட, அதைக் கட்டுற நேரத்துல எதைக் கட்டாம விடுறோம்ங்கிறதுதான் ஆட்டத்தை முடிவு பண்ணுது. இன்னைக்கு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

நான் சொல்ற எண்கள் எல்லாம் 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் எக்ஸ்பான்ஷனோட, ஸ்டாண்டர்ட் ஸ்பீடுல ஆடும்போது வர்றது.

180 ப்ரொடக்‌ஷன்னா எவ்வளவு?

ஸ்டோன்ஹெஞ்ச், ஹேங்கிங் கார்டன்ஸ், டெம்பிள் ஆஃப் ஆர்டெமிஸ் மூணுக்குமே விலை 180 ப்ரொடக்‌ஷன். பிரமிட்ஸ் 220. ஆரக்கிள் 290. உங்க தலைநகரம் ஆரம்பத்துல டர்னுக்கு 6 ப்ரொடக்‌ஷன் தருதுன்னு வெச்சுக்குவோம். அப்போ ஸ்டோன்ஹெஞ்சுக்கு மட்டும் 30 டர்ன். அந்த 30 டர்னும் அந்த ஊர் வேற ஒண்ணும் செய்யாது.

இதையே செட்லரோட ஒப்பிட்டுப் பாருங்க. முதல் செட்லரோட விலை 80. அடுத்தடுத்த செட்லருக்கு விலை ஏறும். இருந்தாலும் ஒரு ஸ்டோன்ஹெஞ்ச் செலவுல கிட்டத்தட்ட ரெண்டு செட்லர் வந்துடும். ரெண்டு செட்லர்னா ரெண்டு ஊர். சிவ் 6-ல ஒரு ஊருக்கு ஒரு கேம்பஸ்தான் கட்ட முடியும். அதனால அறிவியல் வேணும்னா ஊர் எண்ணிக்கை வேணும். அந்த ஊர்கள் வளர்ந்து அடுத்த செட்லரை அனுப்பும். இது வட்டிக்கு வட்டி மாதிரி. 40-ஆவது டர்ன்ல போட்ட ஊர் தர்றதை 90-ஆவது டர்ன்ல போட்ட ஊர் கடைசி வரைக்கும் ஈடு கட்டாது.

இன்னொரு விஷயம், நிலம் காத்திருக்காது. டெயிட்டி லெவல்ல ஏஐ ஆட்டத்தை ஆரம்பிக்கும்போதே கையில 3 செட்லர் வெச்சிருக்கும், உங்களுக்கு ஒண்ணுதான். நீங்க கல்லை நட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல, நீங்க கண்ணு வெச்ச ஆத்தோரத்துல பக்கத்து நாட்டுக்காரன் கொடி நட்டுடுவான்.

இந்தச் சிக்கலை கேமே பாலிசி கார்டுல வெச்சிருக்கு, கவனிச்சீங்களா? ஸ்டேட் ஒர்க்ஃபோர்ஸ் சிவிக் முடிச்சா கோர்வே கார்டு வரும். பழைய காலத்து வொண்டர்களுக்கு 15% கூடுதல் ப்ரொடக்‌ஷன். ஏர்லி எம்பயர் முடிச்சா காலனைசேஷன் கார்டு வரும். செட்லருக்கு 50% கூடுதல். ரெண்டுமே எகனாமிக் கார்டு. ஆனா முதல் அரசான சீஃப்டம்ல எகனாமிக் ஸ்லாட் ஒண்ணுதான் இருக்கு. 15 சதவீதமா, 50 சதவீதமா? பெரும்பாலான ஆட்டங்கள்ல பதில் அதுலயே இருக்கு.

அப்போ வொண்டரே கட்டக் கூடாதா?

அப்படி இல்லை. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஸ்டோன்ஹெஞ்ச் கட்டினா ஒரு கிரேட் ப்ராஃபெட் இலவசம், அதாவது ஒரு மதம் உங்க கையில. ஸ்டோன் ரிசோர்ஸ் பக்கத்துல சமதள நிலம் வேணும். எட்டுப் பேர் ஆடுற ஸ்டாண்டர்ட் மேப்ல மொத்தம் 5 மதம்தான் உருவாக முடியும், அதனால போட்டி இருக்கு. ஆனா மதத்துக்கு வேற வழியும் உண்டு. ஹோலி சைட் ஆரம்ப விலை 54தான். அது டர்னுக்கு ஒரு ப்ராஃபெட் பாயின்ட் தரும், ஷ்ரைன் கட்டினா இன்னொண்ணு. ஸ்டோன்ஹெஞ்சை யாராவது முந்திட்டா உங்க டர்ன்கள் போச்சு. ஹோலி சைட்டை யாரும் பறிக்க மாட்டாங்க, பக்கத்துல மலை இருந்தா ஃபெய்த்தும் கொட்டும். உயர்ந்த லெவல்கள்ல நான் ஸ்டோன்ஹெஞ்ச் பக்கமே போறதில்லை. பிரின்ஸ் மாதிரி நடு லெவல்ல, ரிலிஜியஸ் விக்டரிதான் குறின்னா, தாராளமா போகலாம்.

பிரமிட்ஸ் எனக்குப் பிடிச்ச கணக்கு. கட்டி முடிச்சதும் ஒரு பில்டர் இலவசம், அதுக்கப்புறம் எல்லா பில்டருக்கும் ஒரு சார்ஜ் கூடுதல். சாதாரண பில்டருக்கு 3 சார்ஜ், விலை 50-ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணுக்கும் 4 ஏறும். ஒரு சார்ஜோட மதிப்பு ஆரம்பத்துல சுமார் 17 ப்ரொடக்‌ஷன், போகப் போகக் கூடும். நாலாவது பில்டர்ல இருந்து பார்த்தா, 220-ல இலவச பில்டரைக் கழிச்சதும், ஏழெட்டு பில்டர்ல போட்ட காசு திரும்பி வந்துடும். பத்து ஊர் வைக்கிற பிளான் இருந்தா இது லாபம். நாலு ஊரோட நிறுத்தப் போறீங்கன்னா நஷ்டம். பிறகு சர்ஃப்டம் கார்டு வந்து பில்டருக்கு 2 சார்ஜ் கூட்டும்போது, 5-ல இருந்து 6 ஆகுறது 3-ல இருந்து 4 ஆகுறது அளவுக்குப் பெரிசு இல்லை. ஆக, கட்டுறதா இருந்தா சீக்கிரம் கட்டணும். ஆனா சமதளப் பாலைவனமோ பாலைவன வெள்ளச் சமவெளியோ இல்லாம கட்டவே முடியாது.

ஆரக்கிள் மேட்டு நிலத்துலதான் வரும். அந்த ஊர்ல இருக்கிற ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தன் வகை கிரேட் பீப்பிள் பாயின்ட்டை 2 கூட்டித் தரும். தனியா ஒரு கேம்பஸ் 1 பாயின்ட் தருதுன்னா, ஆரக்கிளோட சேர்ந்து 3. கேம்பஸ், கமர்ஷியல் ஹப், தியேட்டர்னு பல டிஸ்ட்ரிக்ட் வரப் போற ஊருக்கு இது பொன் முட்டை. ஒரே டிஸ்ட்ரிக்ட் இருக்கிற ஊருக்கு 290 ரொம்ப அதிகம்.

டெம்பிள் ஆஃப் ஆர்டெமிஸுக்கு ஒரு கேம்ப் பக்கத்துல இடம் வேணும். நாலு டைலுக்குள்ள இருக்கிற கேம்ப், பாஸ்ச்சர், பிளான்டேஷன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு அமெனிட்டி. மேப்பைப் பார்த்து எண்ணுங்க. அஞ்சாறு தேறினா கட்டலாம், ரெண்டுன்னா விட்டுடுங்க. ஹேங்கிங் கார்டன்ஸ் எல்லா ஊருக்கும் 15% வளர்ச்சி தரும், ஆனா ஹவுசிங் தீர்ந்த ஊர்ல அந்த வளர்ச்சி முடங்கிப் போகும்.

யார் தலைவர்ங்கிறதையும் பாருங்க

சீனாவோட சின் ஷி ஹுவாங் எடுத்தா கதையே வேற. ஒரு பில்டர் சார்ஜைச் செலவு பண்ணி, ஏன்ஷியன்ட் அல்லது கிளாசிக்கல் வொண்டரோட விலையில 15 சதவீதத்தை ஒரே அடியில முடிக்கலாம். அவருக்கு பிரமிட்ஸ் கிடைச்சா அடுத்த வொண்டருக்கும் சார்ஜ் சேருது. எகிப்துக்கு ஆத்தங்கரையில கட்டினா 15% கூடுதல். மத்தவங்களுக்கு இருக்கிற ஆயுதம் காடு. மைனிங் கத்துக்கிட்டா பில்டரை வெச்சு மரத்தை வெட்டி மொத்தமா ப்ரொடக்‌ஷன் எடுக்கலாம். அந்த ஊர்ல மேக்னஸ் கவர்னரா இருந்தா 50% கூடுதலா வரும்.

மூணே கேள்வி

வொண்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்குங்க. ஒண்ணு, நான் போக வேண்டிய நல்ல நிலம் இன்னும் காலியா இருக்கா? இருந்தா முதல்ல செட்லர். ரெண்டு, இந்த வொண்டர் என் பிளானுக்குத் தொடர்ந்து சம்பாதிச்சுத் தருமா, இல்ல பார்க்க மட்டும் அழகா இருக்கா? மூணு, மரம் வெட்டியாவது 10, 12 டர்னுக்குள்ள முடிக்க முடியுமா? முதல் கேள்விக்கு 'இல்லை', மத்த ரெண்டுக்கும் 'ஆமா'ன்னா தைரியமா கட்டுங்க. என் கணக்குல மூணு, நாலு ஊர் வந்த பிறகுதான் முதல் வொண்டர் பற்றியே யோசிக்கணும்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயில் எப்போ கட்டலாம்னு கேட்பீங்க, தெரியும். அது சிவில் சர்வீஸ் சிவிக்கோட வர்ற மெடீவல் வொண்டர், சொந்த மதம் இருந்தாத்தான் கட்ட முடியும். இன்னைக்குக் கணக்குல அது வராது, தனி எபிசோடு போடுறேன். அதுவரைக்கும் உங்க அடுத்த ஆட்டத்துல 60-ஆவது டர்ன்ல எத்தனை ஊர் இருக்குன்னு எண்ணிப் பார்த்து சொல்லுங்க.