கையை எடுக்க வேண்டாம் என்ற ரமணர் முதல் உங்கள் கேஸ் ஷீட் வரை: தெரியுமா?

1948 கடைசியில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே சின்னக் கட்டி ஒன்று தென்பட்டது. 1949 பிப்ரவரியில் அறுத்து எடுத்தார்கள். அடுத்த மாதமே மறுபடி அறுக்க வேண்டியதாயிற்று. சார்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்ததும், கையையே எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். ரமணர் வேண்டாம் என்றார். ரேடியம் சிகிச்சை, மொத்தம் நான்கு ஆபரேஷன் என்று போய், 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலை ஆசிரமத்திலேயே மறைந்தார்.

திருவண்ணாமலைக்காரர்கள் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இது தெரியுமா? புத்தி தெளிவாக இருக்கும் வயதுவந்த ஒருவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம், உயிருக்கே ஆபத்து என்றாலும் அது அவர் உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது 2018 மார்ச் 9-ல்தான்! ரமணர் சொன்ன ‘வேண்டாம்’ சட்டப் புத்தகத்தில் இந்த அளவுக்குத் துலக்கமாக ஏற இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் தந்தது. நாளைக்கு நினைவு தப்பி, மீள வழியில்லாத நிலையில் கிடந்தால் என்னை மெஷினில் வைத்து இழுத்துக்கொண்டிருக்காதீர்கள் என்று இன்றைக்கே எழுதி வைக்கலாம். முதலில் அதில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. யார் அலைவது? 2023 ஜனவரியில் கோர்ட்டே அதை எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர், போதும்! நம் ஊரில் வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வைப்பவர்கள் இதையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் பிள்ளைகள் ஐ.சி.யூ. வாசலில் தவிக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மெஷினை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? நீதிபதி இல்லை, ஆஸ்பத்திரியின் மருத்துவக் குழுக்கள்! கோர்ட் வழி போட்டுக் கொடுக்க, டாக்டர்கள் அதில் நடக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு மூத்த உறவு உண்டு. 1975-ல் நியூ ஜெர்சியில் கேரன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் கோமாவில் விழுந்தார். வெண்டிலேட்டரை எடுத்துவிடுங்கள் என்று அப்பா கோர்ட்டுக்குப் போனார். 1976-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சரி என்றது. ஆஸ்பத்திரியின் அறநெறிக் குழுவைக் கலந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னது. அதன் பிறகுதான் அங்கே ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அப்படிக் குழுக்கள் பெருகின. வெண்டிலேட்டரை எடுத்த பிறகு அந்தப் பெண் தானாகவே மூச்சுவிட்டு இன்னும் ஒன்பது ஆண்டு உயிரோடு இருந்தார், தெரியுமா?

ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்குகிறார்களே, அதற்கும் கோர்ட் கதை இருக்கிறது. தில்லியில் 44 வயதுப் பெண் ஒருவருக்கு லேப்ராஸ்கோபி நடந்துகொண்டிருந்தது. அவர் மயக்கத்தில். வெளியே காத்திருந்த அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார் டாக்டர். 2008-ல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது: உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். பெற்ற தாயே ஆனாலும் அவர் கையெழுத்து செல்லாது! அமெரிக்க கோர்ட்டுகள் கேட்கும் அளவுக்கு ஒவ்வொரு அபாயத்தையும் விளக்கச் சொல்வது இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் எழுதினார்கள்.

கார்த்திகை தீபத்தன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒருவர் வண்டியில் அடிபட்டு விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘போலீஸ் கேஸ், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்’ என்று எந்தத் தனியார் ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது. முதலில் உயிர், பிறகு எஃப்.ஐ.ஆர். இது உச்ச நீதிமன்றத்தின் 1989 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. ஸ்கூட்டரில் அடிபட்ட ஒருவரை 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பி, அவர் வழியிலேயே இறந்துபோனதாக வந்த ஒரு செய்தித்தாள் துணுக்குதான் அந்த வழக்குக்கே விதை! தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கும் உங்களையும் பிடித்து வைத்துத் துருவக் கூடாது என்பது 2016-லிருந்து சட்டம்.

இப்போது சொல்லப்போவது மனதைப் பிசையும். 1996 ஆகஸ்ட் 30, சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனை. 29-வது வாரத்திலேயே பிறந்தது ஒரு பெண் குழந்தை. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி, செப்டம்பர் 23-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை: குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, பிறந்த சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தாக வேண்டும். சில மாதம் கழித்துப் பெற்றோருக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. இரு கண்ணிலும் பார்வை போயிற்று. அந்த அப்பா விடவில்லை. 2015 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. வருங்காலச் சிகிச்சைக்கான தொகையில் விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டது! உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்திருந்தால் 30 நாளுக்குள் ஆர்.ஓ.பி. என்னும் இந்த விழித்திரைப் பரிசோதனை ஆயிற்றா என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேளுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை செய்த சாதனை தெரியுமா? தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் கல்யாணத்தைப் பதிய மறுத்த வழக்கு. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் பதியச் சொன்னதோடு நிற்கவில்லை. இடைப்பால் அடையாளத்தோடு பிறக்கும் சிசுக்களுக்கு ஆணாகவோ பெண்ணாகவோ ஆபரேஷன் செய்து மாற்றுவதை நிறுத்தச் சொன்னார். ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையே வந்துவிட்டது. இந்தியாவிலேயே முதல் மாநிலம் நாம்தான்!

கடைசியாக, எல்லாருக்கும் பயன்படுவது. உங்கள் கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. உள்நோயாளியின் ரெக்கார்டுகளை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்துத் தேதி போட்டு ஒப்புதல் வாங்குங்கள்.