நானா நோயாளி?

இந்த வாரம் ஏஐ இல்லை, வேலை மாத்துறதைப் பத்தியும் இல்லை. ஒரு பிபி மெஷின்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கம். மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போச்சு. பேச்சு குழறும், ஆனா சொல்றது புரியும். அன்னைல இருந்து கட்டிலே கதி. பார்த்துக்கிறது எங்க அம்மா. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, டயப்பர் மாத்துறது, படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறது. பகல்ல மட்டும் இல்லை, ராத்திரியிலயும்.

போன தீபாவளிக்கு நான் ஊர்ல இருந்தப்போ, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல ஒரு நர்ஸ் அக்கா வீட்டுக்கு வந்தாங்க. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின திட்டம் இது. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றதை நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வலி நிவாரண சிகிச்சை, பிசியோதெரபியும் இதுல உண்டு. அந்த அக்கா அப்பத்தாவுக்கு பிபி பார்த்தாங்க, முதுகைப் புரட்டிப் பார்த்தாங்க, புண் இல்லைன்னு நோட்டுல எழுதினாங்க. கிளம்புற நேரத்துல அம்மா பக்கம் திரும்பி, "நீங்க கையை நீட்டுங்கம்மா"ன்னாங்க.

"எனக்கு எதுக்குத்தா? நானா நோயாளி?"

168-க்கு 100. தலைவலி எத்தனை நாளா இருக்குன்னு அக்கா கேட்டாங்க. "அது கெடக்கு, எப்பவும் உள்ளதுதான்"னு அம்மா சொல்லிட்டுக் காபி போடப் போயிட்டாங்க.

நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். மூணு வருஷமா தினமும் ராத்திரி வீட்டுக்கு போன் பண்ற ஆள் நான். எடுத்ததும் முதல் கேள்வி, "அப்பத்தா சாப்பிட்டுச்சா?" ரெண்டாவது, "மாத்திரை போட்டுச்சா?" அம்மாவோட உடம்பைப் பத்திக் கேட்டதா எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை.

சென்னைக்குத் திரும்புறப்போ பல்லவன் எக்ஸ்பிரஸ்ல உட்கார்ந்து, நோயாளியைப் பார்த்துக்கிறவங்களைப் பத்தி யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். திருச்சி தாண்டுறதுக்குள்ள ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வெச்சது.

அமெரிக்காவுல ஸ்டீவன் ஸாரிட்னு ஒரு உளவியலாளர். 1980-ல அவரும் கூட இருந்தவங்களும் மறதி நோய் வந்த 29 முதியவங்களையும், அவங்களைப் பார்த்துக்கிற சொந்தக்காரங்களையும் எடுத்து ஆராய்ஞ்சாங்க. பார்த்துக்கிறவங்களுக்கு எவ்வளவு பாரமா இருக்கு, அது எதனால கூடுது குறையுது, இதுதான் கேள்வி. நாம என்ன நினைப்போம்? நோய் எவ்வளவு முத்தியிருக்கோ, நோயாளி எவ்வளவு தொந்தரவு பண்றாரோ, அவ்வளவு பாரம். அப்படி வரலை. நோயாளியோட நடத்தைப் பிரச்சினைகளுக்கும் பார்த்துக்கிறவங்க சொன்ன பாரத்துக்கும் தொடர்பு தெரியலை. தொடர்பு தெரிஞ்சது வேற ஒண்ணோட. மத்த சொந்தக்காரங்க அந்த வீட்டுக்கு எத்தனை தடவை வந்து போறாங்கன்ற எண்ணிக்கையோட.

29 பேர்ன்றது சின்ன எண்ணிக்கை, ஒரே ஒரு ஆய்வு, இதை வெச்சு எல்லாத்தையும் முடிவு பண்ண முடியாது, தெரியும். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போற ஒருத்தன் இதை ரயில்ல உட்கார்ந்து படிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அந்த ஆய்வுல இருந்து வந்ததுதான் 'ஸாரிட் பாரம் அளவுகோல்'. இன்னைக்கு உலகம் முழுக்க நர்ஸிங் ஆராய்ச்சியில அதிகமா பயன்படுற கேள்வித்தாள்கள்ல ஒண்ணு. இப்போ வழக்கத்துல இருக்கிறதுல 22 கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 4 வரைக்கும் மார்க், மொத்தம் 88. உனக்குன்னு நேரம் இருக்கா, உடம்பு கெட்டிருக்கா, நண்பர்களைப் பார்க்க முடியுதா, இன்னும் நல்லா செய்யணுமோன்னு குத்துதா, இந்த மாதிரி. மார்க் கூடக் கூடப் பாரம் கூட.

'மனசுக்குக் கஷ்டம்தான், அதுக்கென்ன பண்றது'ன்னு சிலர் சொல்லுவீங்க. மனசோட நிக்கலைங்க. 1995-ல ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு ஒரு சோதனை பண்ணாங்க. மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கிற 13 பெண்கள், அப்படி யாரையும் பார்த்துக்காத, அதே வயசு ஒத்த 13 பெண்கள். எல்லாருக்கும் கையில 3.5 மில்லிமீட்டர்ல ஒரு சின்னக் காயம் போட்டு, ஆற எத்தனை நாள் ஆகுதுன்னு பார்த்தாங்க. மத்தவங்களுக்கு சராசரி 39.3 நாள். பார்த்துக்கிறவங்களுக்கு 48.7 நாள். ஒன்பது நாள் கூட! அம்மா கையில அரிவாள்மனை பட்ட கீறல் ஆறாம கெடக்குன்னு சொன்னா, 'சுகரா இருக்கும், டெஸ்ட் பண்ணு'ன்னுதான் நான் சொல்லியிருப்பேன். சுகர் டெஸ்ட் வேண்டாம்னு சொல்லலை. அதோட இதையும் கேட்டிருக்கணும்.

1999-ல ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ரெண்டு பேரும் வெளியிட்டது இன்னும் கடுமையான கணக்கு. வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கிற முதியவங்களை நாலு வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. பார்த்துக்கிறதால அழுத்தத்துல இருக்கேன்னு சொன்னவங்க இறந்துபோற அபாயம், பார்த்துக்க வேண்டிய நிலைமையே இல்லாதவங்களை விட 63 சதவீதம் அதிகம். ஆனா பார்த்துக்கிட்டும் அழுத்தம் இல்லைன்னு சொன்னவங்ககிட்ட அப்படி ஒரு கூடுதல் தெரியலை. எனக்கு இதுல முக்கியமா பட்டது இந்தக் கடைசி வரிதான். வேலை ஆளைக் கொல்லலை. அந்த வேலையில தனியா மாட்டிக்கிறதுதான் கொல்லுதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க்கதை, நம்மகிட்ட குடும்பம்னு ஒண்ணு இருக்கு'ன்னு ஒரு குரல் வரும். எனக்குள்ளயே வந்தது. அதுக்குப் பதில் சென்னையிலயே இருக்கு. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-ல தொடங்கின 'ஸ்கார்ஃப்' அமைப்பு. மனச்சிதைவு மாதிரி நீண்டகால மனநோய் இருக்கிறவங்களுக்காக வேலை பார்க்கிற இடம். வெளிநாட்டுக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்க்காம, இங்க இருக்கிற குடும்பங்கள்கிட்டயே முதல்ல பேசி, அவங்க எதைப் பாரம்னு சொல்றாங்களோ அதுல இருந்து ஒரு அளவுகோலை உருவாக்கினாங்க. டாக்டர் தாரா குழு 1998-ல வெளியிட்டது, 40 கேள்வி. கணவன் மனைவி உறவு, பார்த்துக்கிறவங்களோட உடம்பு மனசு, வெளி ஆதரவு, அன்றாட வேலை, மத்த சொந்தங்களோட உறவுன்னு பிரிச்சுக் கேட்கும். கூட்டுக் குடும்பம் இருந்தா பாரம் இருக்காதுன்னா 40 கேள்விக்குத் தேவையே வந்திருக்காது.

இதே ஸ்கார்ஃப் 2010-ல எங்க மாவட்டத்துக்கே வந்திருக்கு. எனக்கு இது இத்தனை நாள் தெரியாதுன்றது வெட்கமான விஷயம். ஒரு பஸ்ஸை வாங்கி, உள்ள ஒரு ஆலோசனை அறையும் ஒரு மருந்தகமும் அமைச்சு, புதுக்கோட்டை கிராமங்களுக்கு அனுப்பினாங்க. நோயாளியும் குடும்பமும் பஸ்ஸுக்குள்ள உட்காருவாங்க. மருத்துவர் சென்னையில இருப்பார். வீடியோவுல பேச்சு. அவர் எழுதுற மருந்து அங்கயே இலவசமா கிடைக்கும். இடைப்பட்ட நாள்ல உள்ளூர்ல பயிற்சி எடுத்த பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பாங்க. ஜூமும் மீட்டும் நம்ம வாழ்க்கையா ஆகுறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, டவர் கிடைக்காத கிராமத்து ரோட்டுல!

எஞ்சினியரா எனக்கு முதல்ல அந்த வீடியோ லிங்க்தான் கண்ணுல பட்டது. பேண்ட்வித் எப்படி சமாளிச்சாங்கன்னு யோசிச்சேன். அப்புறம்தான் இன்னொரு பக்கம் தெரிஞ்சது. மனநோய் இருக்கிற பையனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னா, அவங்க அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, ரெண்டு பேருக்கு பஸ் செலவு, வழியெல்லாம் ஊர்க் கண்ணு. பஸ் ஊருக்குள்ள வந்தா அந்த நாள் அந்த அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்குது. நோயாளிக்காகன்னு நாம பார்க்கிற பல ஏற்பாடு பார்த்துக்கிறவங்களுக்கும்தான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கதை சொல்லணும். பக்கவாதம் வந்தவங்களுக்கு நம்ம நாட்டுல பிசியோதெரபிஸ்ட் போதாது. அப்போ வீட்டு ஆளுக்கே பயிற்சி கொடுத்து மறுவாழ்வுப் பயிற்சியை அவங்களையே செய்ய வெச்சா என்ன? நல்ல யோசனைதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன். 'அட்டெண்ட்'னு ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவுல 14 மருத்துவமனை, 1250 நோயாளிகள், 2017-ல லான்செட் இதழ்ல வந்தது. ஆறு மாசம் கழிச்சு இறந்தவங்க, அல்லது இன்னொருத்தரைச் சார்ந்தே இருக்கிறவங்க எத்தனை பேர்? குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்த பக்கம் 47 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்த பக்கமும் 47 சதவீதம். ஒரு மாற்றமும் இல்லை.

ஏன்னு பல காரணம் சொல்லலாம். என் வாசிப்பு இது: ஏற்கெனவே நிரம்பி வழியுற சர்வருக்கு இன்னொரு ப்ராசஸை அனுப்பினா அது நல்லா ஓடும்னு எந்த எஞ்சினியரும் சொல்ல மாட்டான். வீட்டுல மட்டும் நாம தைரியமா அதைத்தான் பண்றோம். ஆஸ்பத்திரியில நர்ஸுக்கு ஷிப்ட் முடிஞ்சா அடுத்த ஆள் வருவாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடுதலா ஆனாலே, அறுவை சிகிச்சை முடிஞ்ச நோயாளிகள் 30 நாளுக்குள்ள இறக்கிற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு லிண்டா ஐக்கன் குழு 2002-ல பென்சில்வேனியா மருத்துவமனைகளை வெச்சுக் காட்டினாங்க. எங்க வீட்டுல ஒரே நர்ஸ், மூணு ஷிப்ட், மூணு வருஷம், லீவு கிடையாது.

அப்போ எதுதான் வேலை செய்யும்? கோவாவுல அமித் டயஸ் குழு 2008-ல வெளியிட்ட ஆய்வு. மறதி நோயாளி இருக்கிற 81 குடும்பங்கள். பெரிய மருத்துவப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் எடுத்த உள்ளூர் ஆட்கள் ஆறு மாசம் வீடு தேடிப் போனாங்க. நோயைப் பத்திப் புரிய வெச்சாங்க, பார்த்துக்கிறவங்க பேசுறதைக் கேட்டாங்க, தேவைப்பட்டா டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. பார்த்துக்கிறவங்களோட மனநலம் தெளிவா முன்னேறுச்சு. 1980-ல ஸாரிட் எண்ணின அதே விஷயம்தான், இல்லையா? வாசப்படி ஏறி யாரோ ஒருத்தர் உள்ள வர்றாங்க.

ஆனா நம்ம ஊர்ல வர்றவங்க எல்லாரும் ஒண்ணில்லை. எங்க வீட்டுக்கும் சொந்தக்காரங்க வராம இல்லை. கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, "என்னத்தா இப்படி இளைச்சுப் போச்சு, சரியா சாப்பாடு கொடுக்கிறியா?"ன்னு கேட்பாங்க. அவங்களுக்குக் காபி போடுறதும் அம்மாதான்.

பொங்கலுக்குப் போனப்போ அந்த 22 கேள்வியை நானே தமிழ்ப்படுத்தி அம்மாகிட்ட கேட்டேன். எல்லாத்துக்கும் "இல்லை". மார்க் போட்டா 6 வருது, 7 வருது. அம்மா ஏதோ ரிசார்ட்ல இருக்கிற மாதிரி. அப்புறம்தான் உறைச்சது, நாலடி தள்ளி அப்பத்தா படுத்திருக்கு, காது நல்லா கேட்கும். இந்த மாதிரிக் கேள்வியை நோயாளி இல்லாத இடத்துல தனியா வெச்சுக் கேட்கணும்ன்றது ஆராய்ச்சியோட அரிச்சுவடி, நான் கோட்டை விட்டுட்டேன். கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போய் மறுபடி கேட்டேன்.

"பாரம்னு சொன்னா பாவம்டா"ன்னாங்க முதல்ல. கொஞ்ச நேரம் முருங்கை மரத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "ராத்திரி ஒரு தடவையாவது விடியற வரைக்கும் தூங்கணும் போல இருக்கு"ன்னாங்க. அதுக்கு மேல நான் மார்க் போடலை.

இப்போ நடக்கிற ஏற்பாட்டைச் சொல்லிடுறேன், பெரிய சாதனை எல்லாம் இல்லை. அறந்தாங்கியில இருக்கிற அத்தை, அப்பத்தாவோட சொந்த மக, வாரத்துக்கு ரெண்டு ராத்திரி வந்து தங்குறாங்க. அதைக் கேட்கிறதுக்கே மூணு வருஷம் ஆச்சு, கேட்டதும் "இதை ஏன்டா முன்னாடியே சொல்லலை"ன்னாங்க. அப்பா இப்போ டயப்பர் மாத்தக் கத்துக்கிட்டார், முகத்தைத் திருப்பிக்கிட்டாவது. அம்மாவோட பிரஷர் மாத்திரையும் அப்பத்தா மாத்திரையோட சேர்ந்து வருது. உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தங்க இருந்து, பேச ஆள் இல்லாம தவிச்சா, 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. தமிழ்ல பேசலாம், காசு இல்லை.

நான் மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ரயில் ஏறுறேன். போன தடவை ராத்திரி ரெண்டு மணி அலாரம் என் போன்லதான். எழுந்து, அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி தோளுக்கு அடியில ஒரு கை, இடுப்புக்கு அடியில ஒரு கை கொடுத்து அப்பத்தாவைப் புரட்டினேன். எனக்கே மூச்சு வாங்குச்சு.

அப்பத்தா கண்ணைத் திறந்து, "உங்கம்மா எங்கடா?"ன்னு கேட்டுச்சு.

"தூங்குது அப்பத்தா."

"தூங்கட்டும். தலகாணிய முதுகுக்குக் குடு. உங்கம்மா அப்படித்தான் குடுக்கும்."