பட்டணத்து மழை ஜலமும் ஏரிப் பாசனமும்

பட்டணங்கள் விஸ்தரித்து வரும் பிரதேசங்களில், அவற்றுக்குக் கீழ்ப்புறம் அமைந்த ஏரிகளின் ஆயக்கட்டுதாரர்கள் இரண்டு முறையீடுகளைச் செய்து வருகின்றனர். முன்பு மூன்று நாள் மழையில் மெல்ல நிரம்பிய ஏரி இப்பொழுது ஓர் இரவில் நிரம்பிக் கரையை முட்டுகிறது என்பது ஒன்று. பருவத்தின் முதல் மழையில் வரும் ஜலம் கறுத்து நாற்றமடிக்கிறது என்பது மற்றொன்று. இவை தனித்தனித் தொல்லைகள் போலத் தோன்றினும், ஒரே காரணத்தினின்று பிறந்தவையே.

ஓர் ஏக்கர் நிலத்தின் மீது ஓர் அங்குலம் மழை பெய்தால் 3,630 கன அடி ஜலம் விழுகிறது. அம்மழை ஒரு மணி நேரத்தில் பெய்து, ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் ஓடுமாயின், விநாடிக்கு ஏறக்குறைய 1 கன அடி பிரவாகமாகும். ஆகவே ஏக்கர் தொகையை மழையின் மணிவாரி அங்குலத்தாலும், ஓடும் பங்கினாலும் பெருக்கினால், உச்சப் பிரவாகம் விநாடிக்கு இத்தனை கன அடி என்று கிடைத்துவிடும். 1889-ம் வருஷத்தில் அமெரிக்காவில் குயிச்லிங் என்ற இன்ஜினீயர் பட்டணத்துச் சாக்கடைகளுக்காக வெளியிட்ட இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது. ஓடும் பங்கு, மணற்பாங்கான சமதரைப் புல்வெளியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஓட்டுக் கூரை, தார் ரோடு, சிமெண்டுத் தளம் ஆகியவற்றில் 70 முதல் 95 வரை.

நம் ஏரிகளின் கலிங்குகளோ வேறொரு கணக்கைப் பின்பற்றியவை. சென்னை ராஜதானியில் ரைவ்ஸ் என்ற இன்ஜினீயர் 1884-ல் வகுத்த சூத்திரம் அது. நீர்ப்பிடிப்பின் சதுர மைல் தொகையை வர்க்கித்து, அதன் கனமூலத்தைக் கண்டு, கடற்கரைப் பிரதேசமாயின் 450 என்ற எண்ணால் பெருக்கவேண்டும். உள்நாட்டிற்கும் மலையடிவாரத்திற்கும் அந்த எண் கூடும். சூத்திரம் நல்லதே, பல கலிங்குகள் அதனை நம்பியே கட்டப்பட்டன. ஆனால் அதில் கடலுக்கும் மலைக்கும் இடமிருக்கிறதேயன்றி, கூரைக்கும் தார் ரோட்டுக்கும் இடமில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் காணலாம். நீர்ப்பிடிப்பு 1 சதுர மைல், அதாவது 640 ஏக்கர். ரைவ்ஸ் கணக்குப்படி 450 கன அடி. நிலம் முழுவதும் புன்செய்யும் மேய்ச்சலுமாய் இருந்து, மணிக்கு 2 அங்குல மழையில் நூற்றுக்கு 35 பங்கு ஓடினால் 448 கன அடி. இரு கணக்கும் ஒத்துப்போகின்றன. பின்னர் அதில் பாதி மனைக்கட்டாக மாறி, அப்பாதியில் 85 பங்கு ஓடுமாயின் பிரவாகம் 768 கன அடியாகிறது. கலிங்கின் மேல் 2 அடி உயரம் வழிந்த ஜலம் இப்பொழுது சுமார் 2 அடி 10 அங்குலம் வழியும். கரைக்கும் ஜலமட்டத்திற்கும் இடையே விட்ட இடைவெளியில் 10 அங்குலம் இவ்விதம் தின்னப்படுகிறது. அன்றியும் சாக்கடை வழியே ஜலம் விரைந்து வருவதால், குறுகிய நேரத்துக் கடுமழையே உச்சத்தை நிர்ணயிக்கும்; ஆதலின் உண்மைத் தொகை இதனினும் கூடுதலாகவே இருக்கும்.

இன்னும் நுட்பமான கணக்கு வேண்டுவோர்க்குக் கம்ப்யூட்டர் மாதிரிகள் உள. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1971-ல் வெளியிட்ட மாதிரி இலவசமாகவே கிடைக்கிறது. அது ஊரைச் சிறு சிறு நீர்ப்பிடிப்புகளாகப் பிரித்து, நிமிஷக் கணக்கில் மழையையும் ஓட்டத்தையும் தொடர்கிறது. எனினும் மாதிரிக்கு ஊட்டும் மழைக் கணக்குச் செம்மையாயிருக்க வேண்டும். காலை எட்டரை மணிக்கு ஒரு தரம் அளந்து 4 அங்குலம் என்று எழுதிவைத்தால், அது இருபது மணி நேரத் தூறலா, இரண்டு மணி நேரப் பெருமழையா என்பது எவருக்கும் விளங்காது. கரையை உடைப்பது பின்னதே.

இனி ஜலத்தின் தன்மை. மழையற்ற நாட்களில் ரோட்டில் புழுதி, மாட்டுச் சாணம், எண்ணெய்க் கசிவு, டயர்த் தேய்மானம் முதலியன படிகின்றன. தகரக் கூரையும் டயரும் துத்தநாகம் தருகின்றன. பெட்ரோலில் ஈயம் சேர்ப்பது இந்தியாவில் 2000-ம் ஆண்டில் நின்றமையால் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. படிந்தவற்றின் பெரும்பங்கை மழையின் முதற்பகுதியே அடித்துச் செல்லும். மேற்கூறிய மாதிரியும் படிதல், கழுவப்படுதல் என்ற இவ்விரண்டையுமே கணக்கிடுகிறது. உப்பைப் பற்றி மிராசுதாரர்கள் அஞ்சுவதுண்டு. மழைக்காலத்தில் அவ்வச்சம் பெரும்பாலும் வீண். கோடையில் சாக்கடை நீர் மட்டும் வந்து தேங்கும்பொழுதுதான் அதனைப் பரிசோதிக்கவேண்டும். கழிவுநீர் கலந்த ஜலத்திலுள்ள மிகுதியான தழைச்சத்தோ வேறு. நெல் கரும்பச்சையாய்த் தழைத்து, கதிர் பிடிக்கும் தருணத்தில் சாய்ந்துவிடும். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் அச்சத்தே உணவு.

பரிகாரம், ஏரியின் வாயிலில் ஒரு படிவுக் குட்டை அமைத்தலாம். தளமிட்ட 320 ஏக்கரின் முதல் அரை அங்குல ஜலம் 5,80,800 கன அடி. 4 அடி ஆழமாயின் இதற்கு ஏறக்குறைய மூன்றே கால் ஏக்கர் வேண்டும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல் அவ்வாழத்தை மூன்று நிமிஷத்தில் கடந்து படியும். நூறில் ஒரு பங்கு வண்டலுக்கு நான்கு மணி நேரம் செல்லும். ஆயிரத்தில் ஒரு பங்கு களிமண்ணுக்குப் பதினைந்து நாளுக்கு மேலாகும். ஆகவே குட்டையை மட்டும் நம்பலாகாது. அதன் கடைப்புறத்தில் நாணலும் கோரையும் வளரவிட்டு, ஜலத்தை அவற்றினூடே மெல்லச் செலுத்துதல் நலம். இரண்டொரு நாளில் குட்டை வடிந்துவிடும்படி சிறு மதகு வைத்தால்தான் அடுத்த மழைக்கு இடமிருக்கும், கொசுவும் பெருகாது.

செலவின்றி அறிய ஒரு வழியுண்டு. வரத்துக் காலில் ஜலம் வரத் தொடங்கியவுடன் ஒன்றும், அரை மணி கழித்து ஒன்றும், மழை ஓயுந் தறுவாயில் ஒன்றுமாக மூன்று கண்ணாடிப் புட்டிகளில் பிடித்து, ஓர் இரவு அசையாமல் வைத்துப் பார்க்கலாம். அடியில் தங்கும் வண்டலின் உயரமும், மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலமும், முதல் ஜலத்தை எவ்வளவு நேரம் ஒதுக்கவேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

குட்டைக்கு இடமேது என்ற கேள்வி எழும். பல ஊர்களில் வரத்துக் காலும் அதன் கரைப் புறம்போக்கும் புல வரைபடத்தில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 2007-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. மனைப் பிரிவுக்கு உத்தரவு கேட்கப்படும் முன்னரே கிராம நிர்வாக அலுவலர் கால்வாயின் அகலத்தைச் சங்கிலி பிடித்து அளந்து குறித்து வைப்பாராயின், பின்னர் எழும் வழக்கு எளிதாகும்.

குட்டையைச் சித்திரை, வைகாசியில் தூர் வாரவேண்டும். ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது பழைய வழக்கமாயினும், பட்டணத்துப் படிவை அவ்வாறு உடனே அடித்தலாகாது. மண் பரிசோதனை நிலையத்தார் துத்தநாகம் முதலியவற்றைச் சோதித்துத் தகுதி கூறும்வரை அதனைக் கரைக்கு வெளியே, மழை ஜலம் மீண்டும் கால்வாயில் அடித்துச் செல்லாத மேட்டில், குவித்து வைக்கவும்.