கண்டித் துவக்கும் கம்மியர் நுண்மையும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள அலவத்துகொடைப் பகுதி, 1815ஆம் ஆண்டுவரை கண்டி இராச்சியத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அவ்விராச்சியத்துக் கம்மியர் ஆக்கிய துவக்குகளைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் அவற்றின் வெள்ளிப் பதிப்பையும் தந்த வேலைப்பாட்டையுமே வியப்பர். அவற்றின் விசைப்பொறியே முதன்மையாக ஆராயத்தக்கது என்பது நமது கருத்து.

இத்துவக்குகள் சக்கிமுக்கிக் கல்லால் இயங்குவன. விசையை இழுத்ததும் வில் விடுபடுகின்றது. கல்லைக் கவ்விய குதிரை உருக்குத் தகட்டில் மோதுகின்றது. எழுந்த தீப்பொறி கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கின்றது. தோய்ச்சல் மிகின் வில் முறியும். குறையின் குதிரை தளர்ந்து விழும். குதிரையைத் தடுத்து நிறுத்தும் கொளுவியின் விளிம்பு தேய்ந்திருப்பின் துவக்குத் தானாகவே வெடித்தலுங்கூடும். இப்பொருத்தங்களைக் கம்மியரின் அரமும் கண்ணும் விரலுமே தீர்மானித்தன. ஐரோப்பியத் துவக்குகளில் வழக்கமாக வலப்புறத்தமையும் விசைப்பொறி, கண்டித் துவக்குகள் பலவற்றில் இடப்புறத்தே அமைந்துள்ளது. எனவே இதனை வெறும் போலச்செய்தலாகக் கொள்ள இயலாது.

ஆயின் இந்நுண்மைக்குரியோர் யாவர்? கம்மியர் சாதிவழி வந்த இராஜகாரிய ஊழியத்தாற் கட்டுண்டிருந்தனர். 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்து, 2023இல் நெதர்லாந்து மீளளித்த அலங்காரப் பீரங்கி, அதனை மன்னனுக்கு வழங்கிய லெவ்கே திசாவையின் பெயராலேயே அறியப்படுகின்றது. அதனை அணிசெய்த கைகளின் பெயரை நாம் அறியோம். துவக்குத் தொழிலுக்கிருந்த அரச ஆதரவு 1815உடன் அற்றது. 1832இல் இராஜகாரியமும் ஒழிக்கப்பட்டது. பொருளை மீட்டுக் காக்கும் நாம், அதனை ஆக்கிய உழைப்பையும் வரலாற்றில் இடம்பெறச் செய்தல் வேண்டும்.