கணக்கு யார் கையில்?



நாற்பது ஆண்டுகளாகத் திருப்பூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். இங்கே பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். அன்று மாலை சில்லறைக் கடைகளில் பாக்கி வசூலானால், திங்கட்கிழமை அது நமக்கு வரும். ஆகவே யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கும் நம் முதலில் ஒரு பங்குதான்.

அப்படி ஒரு திங்கட்கிழமை காலை, பதினோரு ஆண்டுகளாகப் பில் போட்டு வந்த சாஃப்ட்வேர் திறக்கவில்லை. லைசென்ஸ் முடிந்தது, புதுப்பிக்க இயலாது என்று ஒரு வரி மட்டும் வந்தது. விசாரித்தால், கம்பெனி அதை அடியோடு நிறுத்திவிட்டதாம். அந்தத் தகவல், வேலையை விட்டுப்போன எங்கள் பழைய கணக்குப்பிள்ளையின் ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. எங்களுக்கு ஒரு போன் இல்லை, ஒரு தபால் இல்லை. நாம் ஒரு எண்ணெய் பிராண்டை நிறுத்தினால்கூடக் கடைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்!

எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, மாதக் கடைசியில் வசூலுக்காக அச்செடுத்து வைத்த பாக்கிப் பட்டியல். மற்றது, சில்லறைக் கடைக்காரர்களின் நாணயம். "ஏனுங்கண்ணா, எங்க சிட்டைப்படி இவ்வளவு நிக்குதுங்க" என்று அவர்களே சொன்னார்கள். இரண்டு கணக்குகள் மட்டும் இன்றுவரை ஒத்துவரவில்லை.

இது சிறிய கம்பெனிகளால் மட்டும் வரும் தொல்லை அல்ல. அமெரிக்காவின் இன்ட்யூட் நிறுவனம், தன் குவிக்புக்ஸ் கணக்கு சாஃப்ட்வேரை இந்தியாவில் நிறுத்தப்போவதாக 2022-ல் அறிவித்து, 2023-ல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவும் 14-10-2025 அன்று முடிந்தது. பெரிய நிறுவனங்கள் தேதியை முன்னதாக அறிவிக்கின்றன. ஆனால் அந்த அறிவிப்பு கடையில் உள்ளவர் கண்ணில் படவேண்டுமே!

சாஃப்ட்வேர் நின்றுவிட்டது என்று வரி அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது. ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் 31-12-2031 வரை. அப்பீல் நிலுவையில் இருந்தால் இன்னும் கூடலாம்.

எனவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. சாஃப்ட்வேர் கம்பெனியிடம் முதலாளியின் சொந்த போன் எண்ணும் ஈமெயிலும் பதிவாகியிருக்கட்டும்.

2. வாரம் ஒருமுறை கணக்கைத் தனி பென் டிரைவில் நகல் எடுத்து, கடைக்கு வெளியே வையுங்கள்.

3. அந்தச் சாஃப்ட்வேர் இல்லாமலே படிக்கும்படி, பாக்கிப் பட்டியலையும் பேரேட்டையும் எக்செல் அல்லது பி.டி.எஃப்.-ஆக எடுத்து வையுங்கள். பாக்கிப் பட்டியலை மாதம் ஒருமுறை அச்சும் எடுங்கள்.

4. புதிதாக வாங்கும்போது, "நீங்கள் நிறுத்தினால் எங்கள் கணக்கை எப்படி எடுப்பது?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நிறுத்துவதற்கு ஆறு மாதம் முன்பே தபாலிலும் போனிலும் தகவல் தரவேண்டும் என்று நம் சங்கமும் இக்கம்பெனிகளை வலியுறுத்த வேண்டும். சாஃப்ட்வேர் அவர்களுடையதாக இருக்கலாம், கணக்கு நம்முடையது.