யார் அந்த அப்பு?

'அப்பு – 2000.'

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இவ்வளவுதான் எழுதியிருந்தது. இந்த அப்புவைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருத்தணிக் கடைத்தெருவில் அலைந்தேன் சார். கேட்டுவிட்டுச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு மேஜை டிராயரையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

என் அக்காவைக் கொடுத்திருப்பது திருத்தணியில். மாமாவுக்கு மலையடிவாரத்தில் கடை. விபூதி, குங்குமம், முருகர் படம், வளையல், கீ செயின், பிளாஸ்டிக் பொம்மை... குழந்தையோடு சாமி கும்பிட வருகிறவர்கள் அந்தக் கடையைத் தாண்டிப் போவது கஷ்டம். நான் சென்னையில் ஒரு ஆபீசில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். "கணக்கு எழுதியே பொழைக்கிறான் பாரு!" என்று மாமாவுக்கு என் மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டு.

ஆடிக் கிருத்திகை வந்தது. பூக்காவடியும் அரோகராவுமாகத் திருத்தணி திணறும் நாட்கள். மாமாவின் கல்லா ரொம்பி, பிஸ்கட் டின் ரொம்பி, கடைசியில் தலையணை உறைக்குள் நோட்டைத் திணித்தாராம். நாலாம் நாள் புது பைக்குக்கு அட்வான்ஸ். அஞ்சாம் நாள் ஃபிரிட்ஜ். ஆறாம் நாள் எனக்கு போன்: "மச்சான், உன் ஒரு வருஷ போனஸை மூணே நாள்ல பாத்துட்டேன்!"

புரட்டாசியில் அக்கா போன் பண்ணினாள். குரல் சரியில்லை.

"தம்பி, என் செயின் அடகுக் கடையில இருக்கு. அதுவும் பத்தலைன்னு நாள் வட்டிக்கு வாங்கியிருக்காரு. தினம் சாயங்காலம் ஒருத்தன் கடை வாசல்ல வந்து நிக்கறான்டா. நீ வந்து பாரேன்."

ஞாயிறு காலை எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்துப் போய் இறங்கினேன்.

"கணக்கு நோட்டைக் கொடுங்க மாமா."

"எல்லாம் இங்க இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இதுலயும் கொஞ்சம் இருக்கு" என்று ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். சிகரெட் அட்டை, காலண்டர் தாள், யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை... எல்லாவற்றிலும் கிறுக்கல். 'மீசை 1500.' மீசைக்காரருக்குக் கொடுத்ததா, அவரிடம் வாங்கியதா? முருகனுக்கே வெளிச்சம். 'பொம்மை பாக்கி.' எவ்வளவு என்று இல்லை! அதற்கடுத்த சீட்டுதான் 'அப்பு – 2000'.

"யார் மாமா இது?"

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "ஞாபகம் இல்ல, விடு" என்றார்.

விடுவேனா? பூக்கடை, தேங்காய்க் கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று விசாரித்துக்கொண்டே போனேன். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு அப்பு கிடைக்கவே கிடைத்தார். வயசு எட்டு! கடைசியில், நகரி பக்கமிருந்து பூ கொண்டுவரும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்புன்னா ஆள் இல்ல சாமி. தெலுங்குல கடன்!"

ஆந்திர எல்லை பக்கத்தில். மாமா வாயில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. காஞ்சிபுரத்துக்காரனான எனக்கு எங்கே புரியப்போகிறது? சரி, கடன். யார் கொடுத்தது, யார் வாங்கியது? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீட்டுகளையும் சரக்கு பில்களையும் தரையில் பரப்பி, ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து அந்த மூன்று நாள் கணக்கை எடுத்தோம். விற்பனை 1,86,000 ரூபாய். அதில் விற்ற சரக்கின் கொள்முதல் விலை 1,24,000. அத்தனையும் சவுகார்பேட்டையில் கடனுக்கு எடுத்தது. பந்தல், இட வாடகை 9,000. கையாட்களுக்குக் கூலியும் சாப்பாடும் 11,000. வேன் வாடகை 4,000. ஆக, நிஜமான லாபம் 38,000. மாமா செலவழித்ததோ 90,000!

"அப்படின்னா மீதி 52,000?"

"அது சவுகார்பேட்டைக்காரர் பணம் மாமா. அவர் காசுலதான் பைக் ஓட்டிக்கிட்டிருக்கீங்க."

மாமா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. அப்புறம் தரையைப் பார்த்தார். நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மாமாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம்மில் பல பேர், 'ரிடையரானதும் ஊரோடு ஒரு கடை போட்டு உட்கார்ந்துடணும்' என்று கனவு காண்கிறவர்கள்தான். ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தால் அது நம் பணம். கல்லாவில் வருவது அப்படி இல்லை. அதில் சரக்குக்காரர், வீட்டுக்காரர், கையாள் பையன் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சினால்தான் முதலாளிக்கு.

செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவிக் கடை நடத்திய காலத்தில், முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் கடல் தாண்டி ரங்கூனில் இருப்பார். நடுவில் இருந்த பாலம் கணக்குதான். அன்றாடக் குறிப்பு, ஆள்வாரியாகப் பேரேடு, மொத்த நிலவரத்துக்கு ஐந்தொகை. ஏஜென்ட்டுக்குப் பேசிய சம்பளம் உண்டு; கல்லா அவருடையதல்ல. இத்தாலியில் லூகா பாசியோலி என்ற பாதிரியார் 1494-ல் புத்தகம் போட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது: கடை வேறு, கடைக்காரர் வேறு.

"இன்னிலேர்ந்து நீங்க முதலாளி இல்ல மாமா. உங்க கடைக்கு நீங்களே ஏஜென்ட்" என்றேன். ஒரே ஒரு நீள நோட்டு. நாலே சட்டம்.

ஒன்று: ஷட்டரை இறக்குமுன், காலை இருப்போடு அன்றைய வரவைக் கூட்டி, செலவைக் கழிக்க வேண்டும். வருகிற தொகை கல்லாவில் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். இடித்தால் அந்த வித்தியாசத்தையும் எழுதணும். மழுப்பக் கூடாது.

இரண்டு: 'கொடுக்கணும்' ஒரு பக்கம், 'வரணும்' ஒரு பக்கம். பெயர், தேதி, தொகை, கெடு. மீசை, தாடியெல்லாம் செல்லாது.

மூன்று: மாமாவுக்குத் தினம் 500 ரூபாய் சம்பளம். அதற்கு மேல் எடுத்தால் எடுத்ததாக எழுதணும். கடை வாசல் க்யூ.ஆர். அட்டை அக்காவின் சொந்த அக்கவுண்ட்டில் இருந்தது. போன் ரீசார்ஜ், கேபிள், காஸ் எல்லாம் அதிலிருந்தே போய்க்கொண்டிருந்தது! கடைக்குத் தனி அக்கவுண்ட் தொடங்கினோம்.

நான்கு: மாசக் கடைசியில் சரக்கை எண்ணணும். எண்ணினோம். பரணில் 30,000 ரூபாய்க்குப் பொம்மைகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"கணக்கு எழுதினா இன்கம்டாக்ஸ்காரன் வந்துடுவானே?" என்றார் மாமா. நேர்மாறு! வருஷ வியாபாரம் 2 கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரி, விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை, பாங்க், யு.பி.ஐ. வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டினால் போதும். விவரமான புத்தகம் வேண்டாம் என்று வருமான வரிச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அதனால் இந்த நோட்டு அதிகாரிக்காக அல்ல. நமக்காக.

நோட்டு போட்டதில் இன்னொரு பூதமும் கிளம்பியது. தமிழ்நாட்டில் சரக்கு விற்கிறவர்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. ஆனால் வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், சில விதிவிலக்குகள் தவிர, தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். மாமாவோ நகரியில் ஒரு கடைக்கு மூட்டை மூட்டையாகப் பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தார்! கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகும் ஆந்திர பக்தரால் வம்பு இல்லை, இது வேறு. 1960 ஏப்ரல் 1-க்கு முன்னால் திருத்தணியும் நகரியும் ஆந்திராவின் ஒரே சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போராடித் திருத்தணியைத் தமிழ்நாட்டுக்கு வாங்கிக் கொடுத்தார். மாமாவின் பொம்மை மூட்டை வெளிமாநிலச் சரக்கானது அப்படித்தான்! அந்த வியாபாரத்தை அன்றோடு நிறுத்தினார்.

பைக்கை விற்றார். வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள நஷ்டத்தை எழுதச் சொன்னபோது பேனா ரொம்ப நேரம் தயங்கியது. எழுதினார். நாள் வட்டி அடைந்தது. டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குக் கூட்டம் அம்மியது. இந்தத் தடவை ராத்திரியே சவுகார்பேட்டைப் பங்கைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டு அப்புறம்தான் சாப்பிடப் போனாராம். "மலைக்கு 365 படி, மச்சான். வருஷத்துக்கும் அத்தனை நாள்தானே? தினம் ஒரு படின்னு எழுதிட்டு வரேன்" என்றார். மாசியில் செயின் அக்கா கழுத்துக்கு வந்துவிட்டது.

போன மாசம் போயிருந்தேன். நோட்டைப் பெருமையாக நீட்டினாள் அக்கா. 'வரணும்' பக்கத்தைப் புரட்டினால், முதல் வரி: 'அப்பு – 2000'.

"இன்னும் தீரலையா இது? யாருக்குக் கொடுத்தது?"

மாமா அவசரமாக எழுந்து கடைக்குள் போனார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீதான்டா! பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு வாங்கினியே. மச்சான் கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு மனுஷன் பேரை எழுதாம விட்டிருக்காரு!"

பதினாலு வருஷ அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் சர்வீஸ் சார்! அங்கேயே ஜிபேயில் கணக்கைத் தீர்த்தேன். சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் இரண்டே வரி:

'நோட்டு – 40.

அப்பு – 2000. தீர்ந்தது.'